"வயசானா அப்படித்தான்" என்று மாணவியிடம் சொல்லாதீர்கள்

களியக்காவிளைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் நர்சிங் மாணவிகள் அங்கே பயிற்சிக்குப் போஸ்டிங் வருவார்கள். போன முறை வந்தவர்களில் ஒரு மலையாளப் பெண், மூன்றாம் வருடம். அவள் பொறுப்பில் இருந்த பாட்டாவுக்கு 86 வயது. 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் முன்பே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தினமும் காலையில் பி.பி. பார்க்கும்போது அவர் மலையாளத்தில் கிழமைகளைச் சொல்லுவார், அவள் தமிழில் திருப்பிச் சொல்லிப் பழகுவாள்.

ஐந்தாம் நாள் "ஞாயர், திங்கள், சொவ்வ" என்றவர் அதோடு நின்றுவிட்டார். கை மட்டும் போர்வை நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. குமரிப் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுவதுபோல் வாய் நிறைய "மக்களே" என்று அவளைக் கூப்பிடுபவர் அன்று கூப்பிடவே இல்லை. அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். டியூட்டியில் இருந்தவர் சொன்ன பதில்: "86 வயசுல்லா, அப்படித்தான் இருக்கும். நீ போய் பெட்ஷீட்டை மாத்து."

மறுநாள் மதியம் எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள், ரத்தத்தில் கலந்திருந்தது. இல்லத்துச் சார்ட்டில் காய்ச்சல் ஒரு நாளும் 99ஐத் தாண்டவில்லை. பிழைத்து வந்துவிட்டார். ஆனால் தானாக பாத்ரூம் போய்வந்த மனிதரை இப்போது இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது.

இந்த "அப்படித்தான்" கேட்டுக் கேட்டு எனக்கு மனம் நொந்துவிட்டது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். நேற்று வரை கிழமை சொன்னவர் இன்று தடுமாறினால் அது வயது இல்லை. ஒரே ராத்திரியில் யாருக்கும் பத்து வயது ஏறிவிடாது. பெரும்பாலும் அது டெலிரியம், உடம்பில் ஏதோ கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் குழம்புவார், மறுபடி தெளிவார். கத்திக் கலாட்டா செய்தால் எல்லோரும் ஓடி வருகிறோம். பேசாமல் படுத்திருந்தால் "இன்னிக்கு தொந்தரவு இல்லை" என்று நிம்மதியாகிறோம். தவறவிடுவது இந்த அமைதியான வகையைத்தான். "அவருக்கு ஏற்கெனவே மறதிதானே" என்பதும் பதில் ஆகாது. மறதி நோய் உள்ளவர்களுக்குத்தான் இது இன்னும் சுலபமாக வரும்.

தொற்று, உடம்பில் தண்ணீர் குறைவது, நாலு நாள் மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ ஏறி இறங்குவது, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று முற்றலாம். தெர்மாமீட்டரை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

"இங்க கத்துக்க என்ன இருக்கு சிஸ்டர்?" என்று மாணவிகள் கேட்பதுண்டு. ஐ.சி.யூ.வில் மானிட்டர் சத்தம் போடும். இங்கே போர்வை நுனியை இழுக்கும் கையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சக நர்சுகளே, மாணவியை ஆள் பற்றாக்குறைக்கு வந்த ஆளாக நினைக்காதீர்கள். முதல் இரண்டு நாளாவது குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் கூட நில்லுங்கள். "ஏதோ சரியில்லை சிஸ்டர்" என்று அவள் வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். பல நேரம் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போங்கள். கல்லூரி ட்யூட்டர்களே, லாக் புக்கில் கையெழுத்துப் போட மட்டும் வராதீர்கள். ஒரு கட்டில் பக்கத்தில் அரை மணி நேரம் மாணவியோடு உட்காருங்கள்.

மாணவிகளுக்கு: வழக்கமாக எப்படிப் பேசுவார், எவ்வளவு சாப்பிடுவார், எப்படி நடப்பார் என்று முதல் நாளே கேட்டு எழுதுங்கள். காது மெஷினை மாட்டிவிடாமல் கேள்வி கேட்டுவிட்டு "குழப்பம்" என்று எழுதாதீர்கள். கவனம் நிற்கிறதா என்று பார்க்க, தெரிந்த மொழியில் கிழமைகளைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் கஞ்சி ஊற்றவே கூடாது, புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். முதலில் சர்க்கரை பாருங்கள்.

டியூட்டி சிஸ்டர் காதில் வாங்கவில்லையா, உடனே ட்யூட்டருக்குப் போன் செய், மக்களே. "பாட்டா ஒரு மாதிரி இருக்கார்" என்று மட்டும் சொல்லாதே. "நேற்று ஏழு கிழமையும் சொன்னார், இன்று மூன்றோடு நின்றுவிட்டார், ராத்திரியிலிருந்து யூரின் ஒரு தடவைதான் போயிருக்கிறார்" என்று சொல்.