வளர்ச்சி குறைந்தாலும் சர்க்கரை இறங்கும், மிகுந்தாலும் இறங்கும்

ஒரு குழந்தை பத்து மாதம் முழுசாக இருந்தும் மிகச் சிறியதாகப் பிறக்கிறது. உடம்பு ஒடிசல், தலை மட்டும் ஏறக்குறைய இயல்பான அளவு. எடுப்பான நெற்றி, முக்கோண முகம். பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இன்னொரு குழந்தை நேர் எதிர். பிறக்கும்போதே பெருத்த உடம்பு, வாய்க்குள் அடங்காத நாக்கு, சில சமயம் தொப்புள் வழியே பிதுங்கி நிற்கும் குடல். முதலாவது சில்வர்-ரஸ்ஸல் நோய்க்குறி. 1953-இலும் 1954-இலும் அதை விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயர் அது. இரண்டாவது பெக்வித்-வீடெமன் நோய்க்குறி, 1963-64-இல் விவரிக்கப்பட்டது. பார்வைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் காரணம் பல குழந்தைகளிடம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டிலும் மருத்துவர் முதலில் கவலைப்படுவதும் ஒன்றைப் பற்றித்தான்: ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவது.

அந்த இடம் 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனி. அங்கே ஐஜிஎஃப்2 என்றொரு மரபணு இருக்கிறது. கருவை வளரத் தூண்டும் புரதத்தை உருவாக்குவது இது. பெரும்பாலான மரபணுக்களைப் போல இதிலும் அப்பா தந்த பிரதி ஒன்று, அம்மா தந்த பிரதி ஒன்று. ஆனால் அப்பாவுடையது மட்டுமே வேலை செய்யும், அம்மாவுடையது சும்மா இருக்கும். எது யாருடையது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. அப்பாவின் பிரதியில் அதன்மேல் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதித் தொகுதிகள் ஒட்டியிருக்கும், அம்மாவின் பிரதியில் இருக்காது. மெத்தில் இல்லாத இடம் பார்த்து சிடிசிஎஃப் என்ற புரதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்துவிட்டால், ஐஜிஎஃப்2-ஐ முடுக்கிவிடும் பகுதிகளால் அதை எட்ட முடியாது.

அப்பாவின் பிரதியில் மெத்தில் குறைந்துபோனால் இரண்டு பிரதிகளுமே அடங்கிவிடும், வளர்ச்சி குன்றும். அம்மாவின் பிரதியில் மெத்தில் ஏறிவிட்டால் இரண்டும் இயங்கும், வளர்ச்சி எகிறும். டிஎன்ஏவில் பெரும்பாலும் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அதனால்தான் இந்த வகைகளில் அடுத்த குழந்தைக்கும் இது வரும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. ஆனாலும் இதை அச்சு அசலான எதிர்ப்பிம்பம் என்று சொல்லிவிட முடியாது. பெக்வித்-வீடெமனில் சுமார் பாதிப் பேருக்குப் பிழை இருப்பது அடுத்துள்ள இன்னொரு கட்டுப்பாட்டுப் பகுதியில். அங்கே அடங்கிப்போவது செல் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் வேறொரு மரபணு. சில்வர்-ரஸ்ஸலிலும் சிலருக்கு 7-ஆம் குரோமோசோம் இரண்டுமே அம்மாவிடமிருந்தே வந்திருக்கும்.

மெத்தில் பிழை பல நேரம் கருத்தரித்த பிறகு, சில செல்களில் மட்டும் நேர்கிறது. ஒரு கால் மற்றதைவிட நீளமாகவோ குட்டையாகவோ இருப்பது அதனால்தான். ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாமல், தோலையோ நாக்கின் திசுவையோ சோதித்த பிறகு பிழை பிடிபடுவதும் உண்டு.

சரி, சர்க்கரைக்கு வருவோம். பச்சிளம் குழந்தை ஓய்வில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. சில்வர்-ரஸ்ஸல் குழந்தையின் உடம்பைப் பாருங்கள்: செலவு செய்யும் தலை பெரிது, சேமிக்க வேண்டிய கல்லீரலும் தசையும் கொழுப்பும் சிறிது. அதோடு பசியும் இல்லை. இரவில் சில மணி நேரம் பால் குடிக்காமல் தூங்கினாலே கையிருப்பு கரைந்துவிடும். உடம்பு உடனே இருக்கிற கொஞ்சம் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களாக்கி மூளைக்கு அனுப்பும். காலையில் முதல் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தால் அது நிறம் மாறும். சர்க்கரை இறங்கப் போகிறது என்பதற்கு இது முன்னறிவிப்பு.

பெக்வித்-வீடெமனில் கையிருப்புக்குப் பஞ்சமில்லை, கதவு பூட்டிக் கிடக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திசுவும் பெருத்துவிடுவதால் இன்சுலின் தேவைக்கு மேல் ஊறுகிறது. அது ரத்தச் சர்க்கரையைத் திசுக்களுக்குள் தள்ளுகிறது, கல்லீரல் சர்க்கரை விடுவதைத் தடுக்கிறது, கொழுப்பு உடைவதையும் நிறுத்திவிடுகிறது. கொழுப்பு உடையாவிட்டால் கீட்டோனும் இல்லை. இங்கே சோதனைப் பட்டை நிறம் மாறாமலே இருக்கும், மூளைக்கு மாற்று எரிபொருளும் கிடைக்காது. இரண்டில் ஆபத்து அதிகம் இதில்தான் என்பேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சில நாள்களில் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடு மருந்து தேவைப்படும், வெகு சிலருக்குக் கணையத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் புற்றுக்கட்டி வருகிறதா என்று சில ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

சில்வர்-ரஸ்ஸல் குழந்தையை ராத்திரி நீண்ட நேரம் வெறும் வயிற்றில் விடக்கூடாது. கொஞ்சம் வளர்ந்த பிறகு, படுக்கும் முன் வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச்சைக் (கார்ன்ஃப்ளார்) கரைத்துக் கொடுப்பார்கள். அது மெதுவாகச் செரித்து, இரவு முழுக்கச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும். இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒல்லியாக இருக்கிறதே என்று எந்தக் குடும்பமும் பதறி ஊட்டத்தான் செய்யும். ஆனால் ஒல்லியாக இருப்பது இந்தக் குழந்தைகளின் இயல்பு. எடையை வேகமாக ஏற்றினால் தசை கூடாது, கொழுப்புதான் கூடும். நாளடைவில் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. பருவமடைதல் முன்கூட்டியே வந்து, எலும்புகள் சீக்கிரம் முதிர்ந்து, வளர வேண்டிய உயரமும் கைநழுவிப் போகும். சிகிச்சை பெறாத ஆண்களின் சராசரி உயரம் சுமார் 150 செ.மீ., பெண்களுடையது சுமார் 140 செ.மீ. வளர்ச்சி ஹார்மோன் ஊசி இங்கே இரண்டு வேலை செய்கிறது: உயரத்தைக் கூட்டுகிறது, தசையை வளர்த்துச் சர்க்கரை இறங்கும் ஆபத்தையும் குறைக்கிறது.

அறுவை சிகிச்சை என்று வந்தால் வேறொரு சிக்கல். மயக்க மருந்துக்கு முன் எல்லாக் குழந்தைகளையும் வெறும் வயிற்றில்தான் வைப்பார்கள். சில்வர்-ரஸ்ஸல் குழந்தைக்கு அந்தச் சில மணி நேரமே அதிகம். அதனால் பட்டினி தொடங்கும்போதே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்க வேண்டும், குழந்தை விழித்து ஒழுங்காகப் பால் குடிக்கும்வரை அதை நிறுத்தக் கூடாது.