லவ் பேர்ட்ஸ் ஏன் மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டுது?

தேவகோட்டையில இருந்து ஒரு காலேஜ் பொண்ணு கேட்டிருந்துச்சு. வீட்ல ரெண்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்குறோம், அதுல பச்சை ஒண்ணு முந்தாநாள்ல இருந்து இறகை உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு, பறக்காமயே வால் மட்டும் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கு, எங்க ஆயா இது திருஷ்டின்னு சொல்லி கூண்டுக்கு பக்கத்துலயே சாம்பிராணி போட்டாக, அதுக்கப்புறம் இன்னும் மோசமா இருக்கு, இது என்ன நோய், என்ன மருந்து குடுக்கலாம்னு.

அவசரமானதை முதல்ல சொல்லிடுறேன். சாம்பிராணியை நிப்பாட்டும்மா, கூண்டை அடுப்படி பக்கமும் சாமி வீட்டு பக்கமும் இல்லாம நல்ல காத்து இருக்க இடத்துக்கு மாத்து, இன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போ. என்ன நோய்னு இங்க உக்காந்துக்கிட்டு சொல்ல முடியாது, ஏன்னா வால் ஆடுறதுக்கு சளி, கிருமி, கட்டி, முட்டை அடைச்சுக்கிறதுன்னு பத்து காரணம் இருக்கலாம். ஆனா மூச்சு முட்டுனா வால் எதுக்கு ஆடணும்? அதுக்குள்ள ஒரு பிரமாதமான சங்கதி இருக்கு.

நம்ம ஊரு கடையில லவ் பேர்ட்ஸ்னு குடுக்குறது பட்ஜி, ஆஸ்திரேலியாவோட வறண்ட காட்டுல கூட்டம் கூட்டமா திரியுற சின்ன கிளி. 1840ல ஜான் கூல்ட் இங்கிலாந்துக்கு உயிரோட கொண்டு வந்தாரு, அங்கிருந்து உலகம் பூரா பரவிருச்சு. முப்பத்தஞ்சு கிராம் இருக்கும், அவ்வளவுதான்.

இப்ப மூச்சு. நமக்கு எப்படின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு, உதரவிதானம் கீழ இறங்கும், நுரையீரல் விரியும், காத்து உள்ள வரும், வந்த வழியாவே வெளிய போகும். இதுல ஒரு குறை இருக்கு. ஒரு தடவைக்கு அரை லிட்டர்தான் புதுக்காத்து இழுக்குறோம், உள்ள ஏற்கனவே ரெண்டு லிட்டருக்கு மேல பழைய காத்து கிடக்கு, ரெண்டும் கலந்துதான் ரத்தத்துக்கு போகுது.

பறவைக்கு உதரவிதானமே கிடையாது. நுரையீரலும் சின்னது, முதுகுப்பக்கம் விலா எலும்போட ஒட்டிக்கிட்டு கிடக்கும், விரியவும் விரியாது சுருங்கவும் சுருங்காது. காத்தை இழுத்து தள்ளுற வேலையை காத்துப்பைகள் செய்யுது, பெரும்பாலான பறவைக்கு 9 பை, கழுத்துல ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும், சிலது எலும்புக்குள்ளயே புகுந்து போயிருக்கும். பறவை மூச்சை இழுக்குறப்ப புதுக்காத்துல பெரும்பங்கு நுரையீரல்ல நிக்காம நேரா பின்பக்கத்து பைகளுக்கு போயிரும். மூச்சை விடுறப்ப அந்த காத்து வெளிய போகாது, நுரையீரலுக்குள்ள போகும். திரும்ப இழுக்குறப்ப நுரையீரல்ல இருந்து முன்பக்கத்து பைகளுக்கு நகரும். ரெண்டாவது தடவை மூச்சு விடுறப்பதான் வெளிய வரும். அதாவது ஒரு வாய் காத்து உள்ள போயி வெளிய வர ரெண்டு மூச்சு ஆகுது, நுரையீரலோட பெரும்பகுதியில காத்து எப்பவும் ஒரே திசையில, பின்னாடி இருந்து முன்னாடி, ஓடிக்கிட்டே இருக்கு.

நம்ம செட்டிநாட்டு பக்கத்து பெரிய வீடுகளை நினைச்சுப் பாருங்க, முகப்புல நின்னா வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி அடுத்த தெருவுல இருக்க பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும், காத்து ஒரு வாசல்ல நுழைஞ்சு இன்னொரு வாசல்ல போகும், எங்கயும் தேங்காது. பறவை நுரையீரல் அந்த மாதிரி, நம்மளது ஒத்தக்கதவு ஸ்டோர் ரூம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்: இந்த ஒருவழிப் பாதையில கதவு, வால்வுன்னு ஒண்ணுமே கிடையாது. அறுத்துப் பார்த்தாலும் கிடைக்காது. குழாய்கள் பிரியுற கோணம், காத்து வர்ற வேகம், இதை வெச்சே காத்து தப்பான பக்கம் திரும்பாம போகுது. அந்த காத்து போற நுண்குழாய் ஒண்ணொண்ணும் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது, அதை சுத்தி ரத்தக்குழாய் பின்னிக்கிட்டு இருக்கும், நடுவுல இருக்க சுவரு நம்ம நுரையீரல்ல இருக்கறதை விட மெல்லிசு. வரித்தலை வாத்து இமயமலையை தாண்டி பறந்து நம்ம தமிழ்நாட்டு ஏரிக்கு வர்றதுக்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இதை கண்டுபிடிச்ச கதையும் நல்லா இருக்கும். 1960-கள் கடைசி வாக்குல நுட் ஷ்மிட்-நீல்சன்னு ஒரு விஞ்ஞானி நெருப்புக்கோழியை வெச்சு பார்த்தாரு, ஏன்னா அது பெருசு, மூச்சும் நிதானமா விடும். ஒரு மூச்சுக்கு மட்டும் சுத்தமான ஆக்சிஜனை குடுத்துட்டு எந்த பையில அது எப்ப தலைகாட்டுதுன்னு அளந்தா, பின்பக்கத்து பையில உடனே தெரியுது, முன்பக்கத்து பையில அடுத்த மூச்சுலதான் தெரியுது. இதுக்கெல்லாமா காசு குடுப்பாங்கன்னு இன்னைக்கு நம்ம ஊர்ல கேப்பாங்க. ஆனா நம்ம காரைக்குடியிலதான் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் குடுத்தாரு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. மின்வேதியியல்னா என்னன்னு அன்னைக்கு தெருவுல எத்தனை பேருக்கு தெரிஞ்சிருக்கும்? இப்ப கோழிக்கு ஆராய்ச்சி நல்லாவே நடக்குது, முட்டையில காசு வருதுல்ல, கூண்டுப் பறவைக்கு பார்க்குற டாக்டரை தேடினாதான் ஊர் ஊரா அலையணும். எனக்கு இது ஆதங்கம்தான்.

சரி, வால். உதரவிதானம் இல்லாததால மார்பு எலும்பு முன்னயும் கீழயும் அசைஞ்சாதான் பைகள் விரியும். நல்லா இருக்க பட்ஜி சும்மா உக்காந்திருக்கப்ப இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. நுரையீரல்லயோ பையிலயோ அடைப்பு வந்துட்டா மார்பு மட்டும் பத்தாம வயித்துத் தசையையும் சேர்த்து போட்டு தள்ளும், அப்ப பின்னாடி இருக்க வாலும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். பறந்துட்டு வந்து உக்காந்த உடனே கொஞ்சம் ஆடினா பரவாயில்ல, சும்மா இருக்கப்ப ஆடினா அவசரம். இதனாலதான் பறவையை மார்புல இறுக்கி பிடிக்கக் கூடாது, மூக்கு திறந்திருந்தாலும் மூச்சு நின்னுரும்.

இவ்வளவு நல்லா காத்தை உறிஞ்சுற நுரையீரல் விஷத்தையும் அதே மாதிரிதான் உறிஞ்சும். 1890-கள்ல ஜான் ஸ்காட் ஹால்டேன் இதை வெச்சுத்தான் நிலக்கரி சுரங்கத்துக்குள்ள கேனரி குருவியை கொண்டு போகச் சொன்னாரு, கார்பன் மோனாக்சைடு இருந்தா மனுஷனுக்கு முன்னாடி குருவி சுருண்டு விழும், ஆளுங்க தப்பிச்சு ஓடிரலாம். பிரிட்டன்ல 1986 வரைக்கும் இந்த வழக்கம் இருந்துச்சு, அப்புறம் எலக்ட்ரானிக் கருவி வந்துச்சு (இப்ப அந்த வாயுவை கண்டுபிடிக்கிற கருவிங்க நிறையதுக்குள்ள இருக்கறது மின்வேதியியல் சென்சார்தான், சிக்ரிக்காரங்க சந்தோஷப்படலாம்). நம்ம வீடுகள்ல வளர்த்த பறவை செத்தா வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சுன்னு பெரியவங்க சொல்லுவாக. வந்த கண்டம் பல நேரம் சாம்பிராணி, கொசுவர்த்தி, ரூம் ஸ்ப்ரே, வார்னிஷ் நெடிதான். வாங்கிக்கிச்சுங்கிறது சரி, குடுத்தது யாருங்கிறதுலதான் எனக்கு ஆயாவோட வழக்கு.

இதெல்லாத்தையும் விட மோசம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லு. அடுப்புல வெறுமனே வெச்சுட்டு போனை பார்த்துக்கிட்டு நின்னா சில நிமிஷத்துல 260 டிகிரியை தாண்டிரும், அப்ப அந்த பூச்சுல இருந்து வர்ற வாயு நமக்கு தெரியக்கூட தெரியாது, கூண்டுல இருக்கறது கொஞ்ச நேரத்துல கீழ விழுந்துரும். அடுப்படியில கூண்டு வேண்டவே வேண்டாம், மிளகா வறுக்குற நெடியும் அதுக்கு ஆகாது.

மத்த அறிகுறியை வேகமா சொல்லிடுறேன். பட்ஜி கூட்டத்துல வாழ்ற இரை, நோஞ்சான்னு தெரிஞ்சா பருந்து தூக்கிரும், அதனால முடியுற வரைக்கும் மறைக்கும், தினையை உமி உரிச்சு கீழ போட்டுக்கிட்டே சாப்பிடுற மாதிரி இருக்கும் ஆனா இரைப்பை காலி. நம்ம கண்ணுக்கு தெரியுறப்ப ரொம்ப நாள் ஆயிருக்கும். சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வாரம் ஒருக்க எடை போடுங்க, நாலு கிராம் குறைஞ்சா பத்துல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம், அறுபது கிலோ ஆளு ஆறு கிலோ இளைச்ச மாதிரி. எச்சத்துல பச்சையும் வெள்ளையும் தனித்தனியா இருக்கணும், முழு தினை அப்படியே வந்தா இரைப்பையில பூஞ்சை இருக்கலாம். மூக்கு மேலயும் அலகு ஓரத்துலயும் தேன்கூடு மாதிரி சொரசொரன்னு வந்தா அது உண்ணி, டாக்டர் மருந்துல போயிரும், எண்ணெய் தடவி காலம் கடத்த வேண்டாம். ஆண் பறவைக்கு நீலமா இருந்த மூக்கு பழுப்பா மாறினா உள்ள விதைப்பையில கட்டி வந்திருக்கலாம். வருஷக்கணக்கா வெறும் தினை மட்டும் போட்டா அயோடின் குறைஞ்சு தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும், மூச்சு விடுறப்ப கீச்னு சத்தம் கேக்கும், வாலும் ஆடும். முருங்கைக்கீரை குடுங்க, கூண்டுல கடல் நுரை (கணவாய் மீனோட ஓடு) ஒரு துண்டு கட்டுங்க, அயோடினுக்கு டாக்டரை கேட்டுக்குங்க.

டாக்டரை பார்க்குற வரைக்கும் என்ன செய்யணும்னா, கூண்டுக்கு வெளிய ஒரு ஓரத்துல 40 வாட்ஸ் குண்டு பல்பு எரிய விட்டு பாதி கூண்டை துணியால மூடுங்க, 30 டிகிரி சூடு போதும், வேணும்னா அது தள்ளி உக்காந்துக்கும். சித்திரை வெயில்ல பல்பு வேண்டாம், வாயை திறந்துக்கிட்டு றெக்கையை விரிச்சு நின்னா சூடு அதிகம்னு அர்த்தம். தினையும் தண்ணியும் கீழயே வைங்க. வாய்க்குள்ள தண்ணி ஊத்தாதீங்க, நாக்குக்கு நேர் பின்னாடியே மூச்சுக்குழாய் வாசல் இருக்கு, நேரா நுரையீரலுக்கு போயிரும். கடையில மஞ்சக் கலர்ல ஒரு மருந்துப் பவுடர் குடுத்து தண்ணியில கலக்கச் சொல்லுவாங்க, இது பாலைவனத்து பறவை, தண்ணி குடிக்கிறதே கொஞ்சம், நோய் வந்தா இன்னும் கொஞ்சம், மருந்து எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்கு தெரியும்?

பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில பறவை பார்த்து பழக்கம் இல்லைன்னா தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, போன் பண்ணி கேட்டுட்டு போங்க. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு கொண்டு போங்க, காத்து அடிக்கிற பஸ் ஜன்னல் வேண்டாம். கூண்டு அடியில இருந்த நேத்து பேப்பரை எச்சத்தோட மடிச்சு எடுத்துக்குங்க, டாக்டருக்கு உதவும். வீட்ல யாருக்காச்சும் இருமலும் காய்ச்சலும் விடாம இருந்தா உங்க டாக்டர்கிட்டயும் பறவை வளர்க்குறோம்னு சொல்லிடுங்க, காஞ்ச எச்சத்தூசியில பரவுற கிளிக்காய்ச்சல்னு ஒண்ணு இருக்கு, மருந்து இருக்கு, ஆனா சொன்னாதான் அவருக்கு அந்த யோசனை வரும்.