புதிய தொடர் நாவல்கள்: பணம் கொடுக்கும் முன் புத்தகத்தில் பார்க்க வேண்டியவை

அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேன்டசி), மர்ம நாவல் ஆகிய மூன்றும் பெரும்பாலான கடைகளில் அடுத்தடுத்த அலமாரிகளில் இருக்கும். இந்த அலமாரிகளில் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் பாகம் என்று நினைத்தது மூன்றாம் பாகமாக இருந்தது. ஏற்கெனவே படித்த கதையே வேறு தலைப்பில் வந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் பக்கங்கள் இல்லை. கதை பிடிக்கவில்லை என்று திருப்பித் தருபவர்கள் குறைவு. மேலே சொன்ன மூன்றையும் கடையிலேயே, பில் போடும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

இது எத்தனையாவது பாகம்?

அட்டையில் எண் இல்லாததால் தனி நாவல் என்று முடிவுகட்டாதீர்கள். மூன்றாம் பாகத்தின் அட்டையில் பெரிதாக 3 என்று போட்டால் புதிய வாசகர் கையில் எடுக்க மாட்டார் என்பது பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். அதனால் எண்ணை விட்டுவிடுவார்கள், அல்லது முதுகின் அடியில் சிறிதாகப் போடுவார்கள். தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் "இதே ஆசிரியரின் பிற நூல்கள்" என்றொரு பட்டியல் இருக்கும். தொடர்களை அங்கே வரிசைப்படி கொடுத்திருப்பார்கள். அட்டையை நம்புவதைவிட அந்தப் பட்டியலை நம்பலாம்.

வரிசையிலும் இரண்டு வகை உண்டு: வெளிவந்த வரிசை, கதைக்குள் காலம் நகரும் வரிசை. சி. எஸ். லூயிஸின் நார்னியா நூல்கள் நல்ல உதாரணம். முதலில் வெளிவந்தது 1950இல் வந்த சிங்கமும் சூனியக்காரியும் வரும் கதை. 1955இல் ஆறாவதாக வந்த நூலோ கதைக்காலப்படி முதலாவது. இன்றைய பதிப்புகள் பலவற்றில் அதற்குத்தான் 1 என்ற எண். எங்கள் பரிந்துரை, வெளிவந்த வரிசையில் படிப்பதுதான். பின்னால் எழுதப்படும் முன்கதை, வாசகருக்கு முதல் நூல் தெரியும் என்ற துணிச்சலில் எழுதப்படுவது. அதை முதலில் படித்தால், ஆசிரியர் மறைத்து வைத்து ரசித்த விஷயங்கள் சாதாரணத் தகவலாகிவிடும்.

தடிமனான மிகுபுனைவு நாவல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கெட்டி அட்டையில் ஒரே புத்தகமாக வந்தது, பேப்பர்பேக்காகும்போது இரண்டாகப் பிரியும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொடரின் மூன்றாம் நாவல் பிரிட்டனின் பேப்பர்பேக் பதிப்பில் அப்படித்தான் இரண்டு புத்தகங்களாக வந்தது. இரண்டாவது பாதியை மட்டும் வாங்கிப் போனவர் முதல் பக்கத்திலேயே விழிப்பார். தொடர் பெயருக்குக் கீழே "பகுதி ஒன்று", "பகுதி இரண்டு" என்று சிறிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடருக்கு நடுவே மெலிந்த கெட்டி அட்டைப் புத்தகங்களும் வரும். இவை குறுநாவல்கள். அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதின் விதிப்படி 40,000 சொற்களும் அதற்கு மேலும் நாவல். 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். விலை பல சமயம் முழு நாவலை நெருங்கும், வாசிப்பு ஒரு மாலையில் முடிந்துவிடும். தொடரின் அடுத்த பாகம் என்று நினைத்து வாங்காதீர்கள். விட்டுவிட்டாலும் பெரும்பாலும் கதையில் ஓட்டை விழாது.

மர்மத் தொடர்களில் சட்டம் தளர்வு. ஒவ்வொரு வழக்கும் ஒரு புத்தகத்தில் முடிவதால் நடுவிலிருந்தும் தொடங்கலாம். ஆனால் துப்பறிபவரின் சொந்த வாழ்க்கை தொடர் முழுக்க ஓடும் நவீன போலீஸ் நாவல்களில், ஆறாவது புத்தகம் இரண்டாவதில் வரும் கொலையாளியின் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிடும். பழைய மர்ம நாவலின் மறுபதிப்பு என்றால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதும் அறிஞர்களுக்கு முடிவைச் சொல்லாமல் நாவலை ஆராயத் தெரிவதில்லை.

ஒரே கதை, இரண்டு தலைப்பு

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேறு வேறு பதிப்பகங்கள் ஒரே நாவலை வேறு தலைப்பில் வெளியிடுவது பழைய வழக்கம். அகாதா கிறிஸ்டியின் வாசகர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். 1934இல் பிரிட்டனில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் பெயரைத் தாங்கி வந்த நாவல் அமெரிக்காவில் கலே ரயில்பெட்டியின் பெயரில் வந்தது. 1957இன் பாடிங்டன் ரயில் நாவலுக்கும் அங்கே வேறு பெயர். பதிப்புரிமைப் பக்கத்தில் "முன்பு இந்தத் தலைப்பில் வெளிவந்தது" என்ற வரி இருக்கும். பழைய ஆசிரியரின் "புதிய" நூல் கண்ணில் பட்டால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் அதே பக்கத்தில், எந்த மொழியிலிருந்து பெயர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்தானிஸ்வாஃப் லெம் போலிஷில் எழுதி 1961இல் வெளிவந்த சோலாரிஸ் என்ற அறிவியல் புனைகதை நாவல், 1970இல் ஆங்கிலத்துக்குப் போனது பிரெஞ்சு வழியாக. போலிஷிலிருந்து நேரடியான ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. இரண்டும் இன்றும் வாசகர் கைகளில் புழங்குகின்றன.

ஃபாரம் சரியாக இருக்கிறதா?

புத்தகம் தனித்தனித் தாளாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து, மடித்து, 16 அல்லது 32 பக்கங்கள் கொண்ட ஃபாரமாக்கி, ஃபாரங்களை வரிசையாக அடுக்கி முதுகில் ஒட்டுவார்கள் அல்லது தைப்பார்கள். அடுக்கும் இயந்திரத்தில் ஒரு தட்டில் தவறான கட்டு வைக்கப்பட்டால், ஒரு ஃபாரம் இரண்டு முறை வந்து, அடுத்தது காணாமல் போகும். தடிமன் மாறாது என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பக்கம் 288க்குப் பிறகு 257 வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

மற்ற நாவலில் இது எரிச்சல், மர்ம நாவலில் பேரிழப்பு. கடைசி 32 பக்கங்களை, படிக்காமல், பக்க எண்ணை மட்டும் பார்த்துப் புரட்டுங்கள். மீதியைக் கட்டைவிரலால் ஓடவிட்டு, எண் குதிக்கிறதா, எழுத்து தலைகீழாக இருக்கிறதா, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை. பிழை இருந்தால் அதே கட்டிலிருந்து எடுத்த அடுத்த பிரதியையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் இயந்திரப் பிழை ஒரே ஒரு பிரதியோடு நிற்பது அரிது. கடைக்காரரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அச்சுப் பிழையுள்ள பிரதிக்குப் பதிப்பகத்திடம் ஈடு கேட்கக் கடைக்கு வழி இருக்கிறது. ஆனால் பில்லைத் தொலைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து வந்தால் கடைக்காரரும் கையைத்தான் விரிப்பார்.

மிகுபுனைவு நாவலில் வரைபடத்தையும் பாருங்கள். கெட்டி அட்டைப் பதிப்பில் உள்ளட்டைத் தாளில் இரு பக்கமும் பரந்து கிடந்த வரைபடம், பேப்பர்பேக்கில் சுருங்கி நடுமடிப்பில் புதைந்திருக்கும். தலைநகரம் அந்த மடிப்புக்குள் போயிருந்தால் 700 பக்கமும் தடுமாற்றம்தான்.

பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. 4 முதல் 10 வரை மட்டும் இருந்தால் நான்காம் அச்சு. சில பதிப்பகங்கள் ஒற்றைப்படை எண்களை இடப்பக்கமும் இரட்டைப்படையை வலப்பக்கமும் வைக்கும், கணக்கு அதேதான். முதல் அச்சுக்காக அலைவது சேகரிப்பவர்களின் வேலை. படிப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டாம், மூன்றாம் அச்சே மேல், முதல் அச்சின் எழுத்துப் பிழைகள் அதற்குள் திருத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அசலா?

திருட்டுப் பதிப்பைப் பிடிக்க ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணைக் கூட்டிப் பார்க்கச் சொல்லும் அறிவுரை ஒன்று உலவுகிறது. பதின்மூன்று இலக்கத்தில் ஒற்றை இடத்து எண்களை அப்படியே கூட்டி, இரட்டை இடத்து எண்களின் கூட்டலை மூன்றால் பெருக்கிச் சேர்த்தால், மொத்தம் பூச்சியத்தில் முடிய வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் அசல் அட்டையை ஸ்கேன் செய்பவர் எண்ணையும் சேர்த்துத்தான் ஸ்கேன் செய்கிறார்! தொட்டும் உற்றும் பார்த்தால் தெரியும் அளவுக்கு எண் காட்டிக்கொடுக்காது. அசலில் மேடாக எழும்பியிருக்கும் தலைப்பு திருட்டுப் பிரதியில் தட்டையாக இருக்கும். முதுகின் எழுத்து ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். உள்ளே எழுத்தின் ஓரம் மங்கி, 'o' போன்ற வட்டங்கள் மையால் அடைபட்டிருக்கும். ஓர விளிம்பு பக்கத்துக்குப் பக்கம் மாறும். பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன்னும் பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ளதும் பொருந்தாமல் போவதும் உண்டு, கெட்டி அட்டைப் பதிப்பின் உட்பக்கங்களை ஸ்கேன் செய்து பேப்பர்பேக் அட்டை போடும்போது நடப்பது இது.

இவற்றோடு, அசல்தான் ஆனாலும் புதிய புத்தகமாக முழு விலைக்கு வாங்கக் கூடாதவையும் இருக்கின்றன. கீழ் விளிம்பில் மார்க்கர் கோடு அல்லது சிறு முத்திரை இருந்தால் அது பதிப்பகம் தேங்கிய சரக்காகக் கழித்துவிட்டது. படிக்கத் தடையில்லை, ஆனால் விலை குறைந்திருக்க வேண்டும். "திருத்தப்படாத மெய்ப்பு, விற்பனைக்கு அல்ல" என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அது விமர்சகர்களுக்கும் கடைகளுக்கும் முன்கூட்டியே அனுப்பிய பிரதி. இறுதிப் பதிப்பில் முடிவே மாறியிருக்கலாம். முன்னட்டை கிழிக்கப்பட்ட சிறிய பேப்பர்பேக்கைத் தொடவே வேண்டாம். விற்காத பிரதியின் அட்டையை மட்டும் பதிப்பகத்துக்கு அனுப்பி ஈடு வாங்கிக்கொண்டு, புத்தகத்தை அழித்துவிட வேண்டும் என்ற ஏற்பாட்டில், அழிக்காமல் வெளியே வந்தது அது.

ஆர்டர் கொடுக்கும்போது

சங்கிலிக் கடைகளைச் சேராத சிறு கடையில் முதல் பாகமும் புதிதாக வந்த பாகமும் இருக்கும், நடுப்பாகங்கள் இருக்காது. அலட்சியத்தால் அல்ல. இடமும் முதலீடும் குறைவு, நடுப்பாகத்தைத் தனியாக வாங்க யாரும் உள்ளே வருவதில்லை. ஆகவே எட்டுப் பாகத் தொடரை ஆரம்பிப்பவர் இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தோடு சேர்த்தே ஆர்டர் செய்வது நல்லது.

ஆர்டர் கொடுக்கத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் போதாது. கெட்டி அட்டை, பேப்பர்பேக், சிறப்புப் பதிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் அளவு மாறி வந்து அலமாரியில் தொடர் கோணலாக நிற்கும் தொல்லை இராது. 2007 ஜனவரிக்கு முந்தைய நூல்களில் பத்து இலக்க எண் இருக்கும். கடைக்காரர் அதைப் பதின்மூன்றாக மாற்றிக்கொள்வார்.

கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால் எப்படிக் கையெழுத்திட்டது என்று கேளுங்கள். தலைப்புப் பக்கத்தில் நேரடியாக எழுதியது ஒரு வகை. வெற்றுத்தாளில் ஆசிரியர் கையெழுத்திட்டு அச்சகத்துக்கு அனுப்பி, பைண்டிங்கில் சேர்த்தது இன்னொன்று. ஸ்டிக்கரில் கையெழுத்திட்டு உள்ளே ஒட்டியது மூன்றாவது. மூன்றும் அசல்தான், மதிப்பு ஒன்றல்ல.

விருதுக் குறும்பட்டியல் வெளியான வாரத்தில் புத்தகம் தேடினால் கிடைக்காது. ஹ்யூகோவும், அதே துறையின் இன்னொரு விருதான நெபுலாவும் முந்தைய ஆண்டில் வெளிவந்த நூல்களுக்கானவை. கையிருப்பு வற்றிய நிலையில்தான் பட்டியல் வரும், மறு அச்சுக்கு வாரக் கணக்கில் ஆகும். அட்டை ஸ்டிக்கரில் இருப்பது விருது வென்றதா, இறுதிச் சுற்றுக்கு வந்ததா என்பதையும் படித்துவிடுங்கள்.

"தொடர் முழுக்க முடியட்டும், அப்புறம் வாங்குகிறேன்" என்பவர்கள் நிறைய. அவர்கள் பயம் நியாயமானது. பாதியில் நின்ற தொடர்களைப் பார்த்துச் சூடுபட்டவர்கள். ஆனால் நான்காம் பாகம் வெளிவருமா என்பதைப் பதிப்பகம் தீர்மானிப்பது முதல் இரண்டு பாகங்களின் விற்பனையை வைத்துத்தான். கடைகள் புதிய நூலைப் பெரும்பாலும் திருப்பித் தரும் உரிமையோடு வாங்குகின்றன. சில மாதங்களில் விற்காதது கட்டுக்கட்டாகத் திரும்பிப் போகும், அந்த எண்ணிக்கையே அடுத்த பாகத்துக்குக் கடைகள் எத்தனை பிரதி எடுக்கும் என்பதற்கு அடிப்படை. எல்லோரும் காத்திருந்தால் தொடர் முடியாமலே முடிந்துவிடும். நடுவழி ஒன்று உண்டு: ஆசிரியர் ஏற்கெனவே ஒரு தொடரை முடித்தவரா என்று பாருங்கள், முத்தொகுதி என்று அறிவித்தவற்றைத் தேர்ந்தெடுங்கள், பிடித்தவரை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். முன்பதிவு எண்ணிக்கை முதல் அச்சின் அளவைப் பாதிக்கிறது.

கடைக்காரரிடம் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் மேசையில் இருக்கும், அதிகம் விற்கும் புத்தகம்தான் கைக்கு வரும். பிடித்த மூன்று நூல்களைச் சொல்லுங்கள், பாதியில் கைவிட்ட ஒன்றையும், எந்த இடத்தில் கைவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கைவிட்ட புத்தகம்தான் அதிகம் உதவும். ரத்தம் வேண்டாம், குழந்தைகள் சாகக் கூடாது, நாய் சாகக் கூடாது என்றெல்லாம் கேட்கலாம். நாயைப் பற்றிக் கேட்பவர்கள் எவ்வளவு பேர் என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். மர்மம் என்றால் புதிர் அவிழ்ப்பதா, போலீஸ் விசாரணையா, குற்றவாளியின் மனமா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே அலமாரி, ஆனால் ஒன்றை ரசிப்பவர் மற்றதைத் தூக்கி எறிவார்.

வீட்டில்

தடித்த நாவலை நடுவில் பிளந்து விரிக்காதீர்கள். பசையிட்ட முதுகு அங்கேயே உடைந்து பக்கங்கள் உதிரும். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னட்டையை விரித்து வையுங்கள், பிறகு பின்னட்டை. பிறகு முன்னாலிருந்து பத்துப் பதினைந்து தாள், பின்னாலிருந்து அதே அளவு என மாற்றி மாற்றி, மடிப்பில் விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். அலமாரியில் சாய்ந்து நின்றால் முதுகு நிரந்தரமாகக் கோணும். நேராக நிறுத்த இடமில்லையென்றால் படுக்க வையுங்கள்.

விளிம்பில் வண்ணம் அடித்த சிறப்புப் பதிப்புகளில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வரும். இழுத்துப் பிரித்தால் ஓரம் கிழியும், வண்ணம் துண்டு துண்டாகப் பெயரும். மூன்று விளிம்புகளையும் விசிறிபோல் மெதுவாக வளைத்து ஓடவிட்டால் தானாகப் பிரியும். ஈரக் கையோடு தொட்டால் சில வண்ணங்கள் விரலில் ஒட்டும்.