தொடை எலும்புக்குள் குளத்துப் பாசி

குளத்தில் மிதக்கும் உடலைப் பார்த்து, அவர் நீரில் மூழ்கி இறந்தாரா, இறந்த பின் நீரில் போடப்பட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் எனத் தக்கலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குளங்கள் நிறைந்த குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழுவது இயல்பே.

1247-இல் சீனத்தின் சோங் சி எழுதிய பிணப் பரிசோதனைக் கையேடே இந்த வேறுபாட்டை ஆராய்கிறது. நம் நாட்டில் 1849-இல் சென்னையில், சந்தேக மரணங்களில் நஞ்சு உண்டா என்று சோதிக்கும் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. ஆனால் மூழ்கியதற்கான சான்றைத் தந்தது டயாட்டம் எனும் ஒருசெல் பாசி. 1904-இல் ஜெர்மன் மருத்துவர் ரெவன்ஸ்டார்ஃப் அதை இதற்குப் பயன்படுத்தினார்.

தேரூர்க் குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் டயாட்டங்களைக் காணலாம். ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவால் ஆன ஓடு உண்டு. சம்புடமும் மூடியும் போல இரு பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். அந்த ஓட்டில் வரிசை பிசகாமல் அமைந்த நுண்துளைகளின் கோலத்தை வைத்தே இனத்தைப் பிரித்தறிகிறார்கள்.

மூழ்குபவர் மூச்சுக்குத் திணறி நீரை உள்ளிழுக்கும்போது, நுரையீரலின் மெல்லிய காற்றறைச் சுவர்கள் கிழிந்து சிறிய டயாட்டங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் துடிக்கும் கடைசி நிமிடங்களில் அவை கல்லீரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை வரை சென்று தங்கிவிடுகின்றன. இறந்தவரின் நுரையீரலுக்குள்ளும் நீர் புகக்கூடும்; ஆனால் அதை மஜ்ஜைக்குக் கொண்டுசெல்ல இரத்த ஓட்டம் இருக்காது. அதனால்தான் தொடை எலும்பைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அறுத்து, மஜ்ஜையை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் சூடாக்குகிறார்கள். கொழுப்பும் திசுவும் கரைந்துபோக, அமிலத்துக்கு அசையாத சிலிக்கா ஓடுகள் அடியில் எஞ்சுகின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். பழையாற்றில் மூழ்கியவரின் உடல் அது கடலில் கலக்கும் மணக்குடிப் பொழிமுகத்தில் ஒதுங்கினாலும், மஜ்ஜைக்குள் இருப்பவை நன்னீர் இனங்களாகவே இருக்கும்.

சில சமயம் மூழ்கியவரின் மஜ்ஜையிலும் டயாட்டம் அகப்படுவதில்லை. ஆய்வகத்துக் குழாய்நீரிலிருந்து ஓரிரண்டு கலந்துவிடுவதும் உண்டு. எனவே பிற சான்றுகளோடு சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

ஒரே குளத்தில் இரண்டு பேர் இறந்தால் ‘குளம் காவு கேட்கிறது’ என்று சொல்லி அடக்கம் செய்துவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பேச்சு விசாரணையைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. அதற்குப் பதில், மஜ்ஜையில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க, மாவட்டத்தின் குளங்களில் எந்தப் பருவத்தில் எந்த டயாட்டங்கள் வாழ்கின்றன என்ற பட்டியலைக் கல்லூரித் தாவரவியல் துறைகள் தயாரிக்க அரசு நிதி தர வேண்டும். நல்ல நுண்ணோக்கியும், மாதந்தோறும் நீர் எடுக்கும் மாணவர்களும் இருந்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.