வந்து வந்து போகும் ஸ்டீயரிங் விளக்கு

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வேறொரு பட்டறையில் வாங்கிய பில்லைக் காட்டினார். மூன்றாவது வரியில் ‘ஸ்டீயரிங் ஆயில், 45 ரிங்கிட்’ என்று எழுதியிருந்தது. அவருடைய காரில் ஸ்டீயரிங் ஆயில் ஊற்ற ஒரு துளைகூடக் கிடையாது. அது மின்சார ஸ்டீயரிங். பம்பு இல்லை, பெல்ட் இல்லை, ஆயிலும் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்து, திருப்ப உதவும் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஒயர்மேன் வேலை பார்க்கிறேன். பதினைந்து, பதினெட்டு வயதான சிறிய கார்கள் இப்போது ஒரே புகாரோடு வருகின்றன. “எப்போதாவது ஸ்டீயரிங் கல்லாகிவிடுகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது.” பட்டறை வாசலுக்கு வந்ததும் கார் நல்ல பிள்ளையாகிவிடும். பல்வலிக்காரர் டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விட்டது என்பாரே, அந்தக் கதைதான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பாலிக் பூலாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வாரம் இருமுறை துன் சார்டோன் சாலை வழியாகப் போய்வருபவர். அந்த மலைச்சாலையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு, ஸ்டீயரிங் திடீரென இறுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஃபோர்மேன் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங் தண்டு மொத்தத்தையும் மாற்ற வேண்டும், ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய கார்ப் பாகங்கள் விற்கும் கடையில், 800 ரிங்கிட்டுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

“தம்பி, மாற்றினால் சரியாகிவிடுமா?” என்று கேட்டார்.

“தெரியாது டீச்சர். அவருக்கும் தெரியாது” என்றேன்.

நல்லவேளையாக அவர் ஆசிரியை. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் விளக்கு எரிந்த நாள், நேரம், இடம் எல்லாம் எழுதி வைத்திருந்தார். ஒன்பது முறை. அதில் ஏழு முறை மாலை மங்கிய பிறகு, காரை நிறுத்தும்போது. நான்கு இடத்தில் ‘மழை’ என்று அடிக்கோடிட்டிருந்தார். எந்த ஸ்கேனரும் இவ்வளவு சொல்லியிருக்காது.

மாலை என்றால் ஹெட்லைட். மழை என்றால் வைப்பர், கண்ணாடிப் பனியைப் போக்க ஏர்கோன். நிறுத்துவது என்றால் நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்புவது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். நின்றபடி சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங் மோட்டார் மட்டும் 30, 40 ஆம்பியர் இழுக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் வந்து போகிற பாதையில் எங்கேனும் அடைப்பு இருந்தால், அந்த மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கிடைக்கும் வோல்ட் சட்டென இறங்கும். பெட்டி பயந்து உதவியை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். பல கார்களில், ஒருமுறை நிறுத்திவிட்டால் சாவியை அணைக்கும் வரை திரும்ப உதவாது. அணைத்துப் போட்டால் சரியாவதன் ரகசியம் இதுதான்.

டீச்சர் முதலில் போன பட்டறையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மின்சாரம் கார் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரை ஓம் கணக்கில் அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று விட்டிருக்கிறார்கள். இந்தத் தவற்றைத்தான் அதிகம் பார்க்கிறேன். 40 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு வோல்ட் தொலைவதற்கு 0.025 ஓம் தடை போதும். சாதாரண மல்டிமீட்டரின் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே அதைவிடக் கூடுதலாகக் காட்டும். பிறகு எப்படி அது கண்ணில் படும்? மின்சாரம் ஓடாதபோது அந்தக் கோளாறு அங்கே இல்லவே இல்லை. ஓடவிட்டு அளக்க வேண்டும்.

அதனால் ஹெட்லைட், ஏர்கோன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை ஸ்டீயரிங் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்து, டீச்சரையே திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.3 வரை ஏறியது. எர்த் வயர் உடலோடு சேரும் போல்ட்டைக் கழற்றினேன். வெளியே பார்க்கப் பளபளப்பு. வயர் நுனியில் இருக்கும் லக் என்ற உலோக வளையத்துக்கு அடியில் பச்சைப் பொடி, விரலில் ஒட்டும் அளவுக்கு. கடற்கரை ஊரில் கார் வைத்திருப்பவர்கள் கட்டும் வரி அது. பேட்டரியும் மூன்று வயது தாண்டியிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு அது கிழவன். லக்கை மாற்றி, உலோகம் தெரியும் வரை தேய்த்துப் போல்ட்டை முறுக்கி, புதிய பேட்டரி வைத்தேன். மீட்டர் 0.1-ஐத் தாண்டவில்லை. பேட்டரியைத் தவிர்த்து என் கூலி 60 ரிங்கிட்.

எல்லாமே எர்த் வயர்தான் என்று சொல்லவில்லை. விளக்கு எரியாமல், மெல்ல மெல்லக் கனத்து, சற்று நேரத்தில் தானாகவே இலகுவானால் மோட்டார் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். குறுகலான இடத்தில் முன்னும் பின்னும் பத்து முறை முறுக்கிப் பாருங்கள், நல்ல காரிலும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் மின்சாரத்தைத் திட்ட வேண்டாம், தண்டின் மூட்டு துருப்பிடித்திருக்கும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் கனக்கும். அதைப் பார்க்காமலே என்னிடம் வந்தவர்கள் உண்டு. திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சாரும் தேயும். ஆனால் அதை ‘கோடு’, அதாவது காரின் கணினி பதிந்து வைக்கும் கோளாறு எண், சொல்லும். இணையத்தில் 30 ரிங்கிட்டுக்கு விற்கும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை என்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும், ஸ்டீயரிங் பெட்டியோடு பேசாது. ‘ஸ்கேன் செய்தேன், கோடு இல்லை’ என்று யாராவது சொன்னால் எந்தக் கருவியில் என்று கேளுங்கள்.

தண்டையே மாற்றும் நிலை வந்தாலும், பல கார்களில் சென்சாரின் நடுப்புள்ளியை மறுபடி பதிய வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அப்புறம் அலைன்மென்ட் கடைக்கு வேறு அலைய வேண்டும்.

ஒன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். விளக்கு எரிந்ததும் ஓடும் காரிலேயே சாவியைத் திருப்பி அணைத்துப் போடுகிறார்கள் சிலர். என்ஜின் நின்றால் பிரேக்கின் உதவியும் போய்விடும், சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். உதவி இல்லாத ஸ்டீயரிங் கனக்குமே தவிர, சக்கரங்களோடு அதன் இணைப்பு அறுவதில்லை. இரண்டு கையால் இறுகப் பிடித்து, ஓரமாக நிறுத்திவிட்டு அணையுங்கள்.

எனக்கும் தோல்வி உண்டு. ஒரு முட்டை வியாபாரியின் காருக்கு எர்த் வயர், ஃபியூஸ், பேட்டரி முனை எல்லாம் பார்த்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். மறுபடி பார்த்தேன், மறுபடி வந்தார். “மதியம் வெயிலில் நிறுத்தி எடுத்தால் வருகிறது, காலையில் வருவதே இல்லை” என்று மூன்றாம் முறைதான் சொன்னார். நானும் மூன்றாம் முறைதான் கேட்டேன்.

வீட்டிலிருந்து மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்து, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சூடு காட்டினேன். அவரை ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கச் சொன்னேன். ஆறு, ஏழு நிமிடம். பெட்டிக்குள் 13.9 வோல்ட் போகிறது, மோட்டாருக்கு ஒன்றுமே வரவில்லை. பிறகு திறந்து பார்த்ததில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் கால் ஒன்றைச் சுற்றி சாலிடரில் தலைமுடி அளவு வெடிப்பு. ரேடியோவாக இருந்தால் அதிலேயே சாலிடர் வைத்திருப்பேன். ஸ்டீயரிங்கில் அந்த வேலை செய்ய மாட்டேன், அதே பாக எண்ணில் வேறு பெட்டி தேடிப் போட்டோம்.

அது பிந்திய கதை. அன்று டேஷ்போர்டுக்கு அடியில் கிடந்தபோது, “ஐயோ, விளக்கு எரிகிறது, கனக்கிறது!” என்று மேலிருந்து அவர் அலறினார். நான் கைதட்டிச் சிரித்தேன். இவனிடம் போய் காரைக் கொடுத்தோமே என்று அவர் குனிந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.