குட்டிப் பாம்பு சாப்பிடவில்லையா? வாயை விடுங்கள், தொட்டியைப் பாருங்கள்

பசும்பாலையும் முட்டை மஞ்சள் கருவையும் கலந்து சிரிஞ்சில் அடைத்து, கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத பாம்புக் குட்டியின் வாயில் பீய்ச்சிவிட்டு, "மூக்குல நுரை வருது டாக்டர்" என்று தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். போன வாரம் அப்படி வந்த பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டி பிழைக்கவில்லை. பாம்புக்கு மூச்சுக்குழல் வாய் கீழ்த்தாடையின் முன்பக்கமே இருக்கிறது. அடைத்துப் பீய்ச்சிய திரவம் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். தப்பித்தவறி வயிற்றுக்குப் போனாலும் பாம்பால் பாலைச் செரிக்க முடியாது. புற்றுக்குப் பால் ஊற்றுவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. பாம்பின் தொண்டைக்குள் ஊற்றாதீர்கள்.

இதைவிட அதிகமாக என் காதில் விழுவது ஒன்று உண்டு: "பசி எடுக்க ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்." சென்னையில் பாம்பு வளர்ப்பவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். சிலர் இணையத்தில் படித்துவிட்டு மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாங்கி, குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அளவு மீறினால் நரம்பு பாதித்து, தலை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். பசியைத் தூண்டும் மருந்தே அல்ல அது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்த குட்டி சாப்பிடாததற்குப் பெரும்பாலும் பசியின்மை காரணமே இல்லை. அதற்குப் பயம், அல்லது குளிர். பல வீடுகளில் இரண்டும். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிக்காரப் பாம்பு. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் உடம்பு நாலு பக்கமும் சுவரில் உரச ஒடுங்கிக் கிடக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே தலை காட்டும். கழுகுக்கும் கீரிக்கும் அகப்படாமல் பிழைப்பதுதான் அந்த வயதில் அதற்கு முதல் வேலை, இரை எல்லாம் அப்புறம். அதைக் கொண்டுவந்து ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட மூன்றடித் தொட்டியில் வைக்கிறீர்கள். வருகிற விருந்தாளி எல்லாம் குனிந்து பார்க்கிறார்கள், பிள்ளைகள் தட்டிப் பார்க்கிறார்கள். அது சுருண்டு பந்தாகி, தலையை நடுவில் புதைத்துக்கொள்கிறது. நீங்கள் எலியை மாற்றுகிறீர்கள். வெள்ளை எலி வேண்டாமென்றால் கறுப்பு, கறுப்பும் வேண்டாமென்றால் கோழிக்குஞ்சு, அதுவும் இல்லையென்றால் காடை முட்டை. இரையில் கோளாறு இல்லை. அந்தக் குட்டி தன் உயிருக்குப் பயந்து கிடக்கிறது, அந்த நிலையில் எதை நீட்டினாலும் தொடாது.

அடுத்தது ஏசி. "சென்னை வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு டாக்டர்?" என்பார்கள். பிறகு விசாரித்தால் தொட்டி படுக்கையறையில் இருக்கும், இரவு முழுக்க 22 டிகிரியில் ஏசி ஓடும். சாப்பிட வேண்டிய நேரமே இரவுதான், அப்போதுதான் நீங்கள் அதைக் குளிர வைக்கிறீர்கள். தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25, 26 இருக்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) போடாதீர்கள், வயிறு வெந்துபோன பாம்புகளுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஏசி காற்றையும் உலர்த்திவிடும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

ஆகவே எலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடம் வையுங்கள். குட்டி உள்ளே போனால் முதுகு மேலே இடிக்கிற அளவு சின்னதாக இருக்கட்டும். கவிழ்த்த பூந்தொட்டி போதும். தொட்டியின் மூன்று பக்கத்துக்கு அட்டை ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் கையை உள்ளே விடாதீர்கள். முட்டையிலிருந்து வந்த குட்டி முதல் சட்டையை உரிக்கிற வரை சாப்பிடாது. வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் எலியை நீட்டிப் பயனில்லை.

இரை சின்னதாக இருக்கட்டும். 60 கிராம் குட்டிக்கு ஆறிலிருந்து ஒன்பது கிராம், முடி முளைத்துக் கண் திறக்கிற வயதுச் சுண்டெலிக் குட்டி. உறைய வைத்த எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். மாலையில் கவரோடு வெந்நீரில் போட்டு, தொட்டால் உயிருள்ள எலிச் சூடு வரும்வரை வைத்து, துடைத்துவிடுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு பக்கம் வெந்து வயிறு வெடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு, நீளமான இடுக்கியால் பிடித்து மறைவிடத்து வாசலில் மெல்ல அசையுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள். குட்டிக்கு விருப்பம் வந்தால் தெரியும்: நாக்கு நீட்டுவது நிதானப்படும், கழுத்து வளைந்து பின்னால் இழுத்துக்கொள்ளும், எலி நகர்கிற பக்கமே தலையும் நகரும். அந்த நேரத்தில் மூச்சு விடக்கூட யோசியுங்கள். பிடிக்கவில்லையா? வாசலில் வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் இருந்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். அடுத்த முயற்சி ஐந்தாறு நாள் கழித்து. தினம் தினம் நீட்டினால் எலியைக் கண்டாலே ஒளியப் பழகிக்கொள்ளும்.

இப்படி இரண்டு மூன்று தடவை தோற்றால், காற்றுத் துளையிட்ட சின்ன டப்பாவில் டிஷ்யூ விரித்து, குட்டியையும் சூடான எலியையும் சேர்த்து மூடி, தொட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் இரவு முழுக்க விடுங்கள். இந்த ஒரு வழியிலேயே நிறையக் குட்டிகள் சாப்பிட ஆரம்பித்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் எலியை வெறும் தண்ணீரில் அலசி, கோழிக்குஞ்சின் இறகையோ ஜெர்பில் (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) கூண்டுத் தூளையோ தடவி வாசனையை மாற்றுங்கள். எலியின் மண்டையைக் கீறி மூளையை வெளியே தெரிய வைப்பதும் பழைய, நல்ல முறை. அருவருப்பாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உயிர் எலியைப் போட்டுவிட்டு வெளியே போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். எலி கடித்து முதுகெலும்பு தெரிகிற பாம்பைத் தைப்பது எனக்குச் சந்தோஷமான வேலை அல்ல. வீட்டில் பொறிவைத்துப் பிடித்த எலியும் வேண்டாம். பக்கத்து வீட்டில் எலிமருந்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாது.

வாயைத் திறந்து ஊட்டுவது கடைசி வழி, அது உங்கள் வேலையும் அல்ல. நான் செய்தாலும் சின்ன எலிக்குட்டியின் தலையை மட்டும் வாயில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன், மீதியை அதுவே விழுங்க வேண்டும். ஏடிஎம் கார்டால் வாயை நெம்பி ஈறு கிழிந்து, சீழ் பிடித்து, அதற்குப் பிறகு வலியாலேயே சாப்பிடாத குட்டிகளைப் பார்த்துவிட்டேன்.

"பால் பைத்தான் மாசக்கணக்கா பட்டினி கிடக்குமாமே" என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் வேறு ரகம். அது ஒன்றரைக் கிலோ வளர்ந்த பாம்புக்குப் பொருந்தும், குட்டிக்குப் பொருந்தாது. ஒரு கிராம் வரை காட்டுகிற சமையலறைத் தராசு வாங்கி, வாரம் ஒருமுறை எடை எழுதுங்கள். எடை நிலையாக இருந்தால் மூன்று நான்கு வாரம் பொறுக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகுத்தண்டு கத்தி முனைபோல் துருத்தினாலோ, வாயைப் பிளந்து மூச்சு விட்டாலோ, தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகளாக உண்ணி மிதந்தாலோ, அன்றைக்கே கிளம்பி வாருங்கள்.

எங்கே வாங்கினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2023-இல் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 பைத்தான்கள் பிடிபட்டன. அப்படி டப்பாவில் அடைபட்டு வருகிற குட்டிக்கு முதலில் தேவை தண்ணீர், பிறகு மலப் பரிசோதனை, அதன் பிறகுதான் எலி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பால் பைத்தானை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், அந்தக் காகிதம் தராத கடையில் வாங்காதீர்கள். தோட்டத்தில் கிடைத்த மண்ணுளியையோ சாரைக்குட்டியையோ எடுத்து வந்து "இது சாப்பிட மாட்டேங்குது" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அதை வளர்ப்பது குற்றம், வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

என்னிடம் வரும்போது எடை எழுதிய தாள், தொட்டியின் போட்டோ, இருபக்க வெப்பநிலை, கடைசியாகக் கிடைத்த எச்சம், இவை நான்கையும் கொண்டு வாருங்கள். முதல் எலியை விழுங்கிவிட்டால் இரண்டு நாள் தொடாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடப் படம் எடுக்கக்கூடத் தூக்காதீர்கள். கக்கிவிட்டால் உடனே இன்னொன்றைக் கொடுக்காமல் இரண்டு வாரம் விட்டு, பாதி அளவில் கொடுங்கள்.