காசு கட்டமுதல் கண்ணைக் காட்டுங்கோ: பைலட் படிப்புக்கு அப்ளை பண்ணுற பிள்ளையளுக்கும் தாய் தகப்பனுக்கும்

போன கிழமையோட எனக்குப் பொறுமை முடிஞ்சுது, அதால தான் இதை எழுதுறன்.

நான் யாழ்ப்பாணத்தில கண் டொக்டர். பைலட் ஆகவேணும் எண்டு என்னட்ட வாற பிள்ளையள் முந்தி அருமை. 2019 ஒக்டோபரில பலாலி சர்வதேச விமான நிலையமாகி சென்னைப் பிளேன் வந்து போகத் தொடங்கினாப் பிறகு ஆசைப்படுற பிள்ளையள் கூடியிட்டினம், வெளிநாட்டில இருக்கிற சொந்தங்களும் "நாங்கள் பாக்கிறம், நீ அப்ளை பண்ணு" எண்டு நிக்கினம். அது சந்தோசமான விசயம். ஆனா என்னட்ட வாற நேரம் தான் பிழை. ஒஃபர் லெட்டர் வந்து, டெபொசிட் கட்டி, காணி ஈடு வைச்சு, விசா பேப்பரெல்லாம் அடுக்கினாப் பிறகு வந்து நிண்டு கொண்டு "மெடிக்கல் போமில கண் எண்டு ஒரு இடம் இருக்கு டொக்டர், ஒருக்கா சைன் பண்ணித் தாங்கோ" எண்டு கேக்கினம்.

போன கிழமை வந்த தம்பியும் அப்பிடித்தான். ஏ.எல். மெத்ஸில நல்ல ரிசல்ட், கனடாவில ஒரு யுனிவர்சிட்டியில பறக்கிற பயிற்சியோட சேர்ந்த டிகிரிக்கு இடம் கிடைச்சிருக்கு, இஞ்ச தோட்டக்காணி ஈட்டில. கண்ணாடி இல்ல, ரெண்டு கண்ணும் 6/6, சாட்டில சின்ன எழுத்தெல்லாம் மளமளவெண்டு வாசிச்சான். தாய்க்குப் பெரிய சந்தோசம். பிறகு நான் இஷிஹாரா புத்தகத்தைத் திறந்தன், நிறப் புள்ளியளுக்குள்ள நம்பர் ஒளிச்சு வைச்சிருக்கிற நிறப்பார்வைச் சோதனைப் புத்தகம் அது. முதல் பக்கம் 12, சரியாச் சொன்னான், அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியிற மாதிரித் தான் செய்திருக்கு. அடுத்த பக்கத்தில 8, அவன் 3 எண்டான். பிறகு 74 வந்த பக்கத்தை கொஞ்சமும் யோசிக்காம 21 எண்டான். பக்கத்தில இருந்த தாய் எட்டிப் பாத்திட்டு "தம்பி வடிவாப் பார், எழுபத்தி நாலெல்லோ" எண்டா. அவன் திரும்பவும் 21 எண்டான். அவனுக்கு அங்க 21 தான் இருக்கு.

சிவப்பு பச்சை பிரிக்கிறதில குறை. பிறவியிலேயே இருக்கிறது, இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியேல்ல. டெபொசிட் திரும்பி வருமோ எண்டு தகப்பன் என்னட்டக் கேக்கிறார், நான் என்னத்தைச் சொல்லுறது?

இதில எனக்கு வாற கோவம் ஒண்டே ஒண்டில தான். "6/6 எண்டா கண்ணில ஒரு குறையும் இல்ல" எண்டு எங்கட சனம் முடிவு கட்டி வைச்சிருக்கு. 6/6 எண்டா தூரத்தில இருக்கிற கறுப்பு எழுத்தை வெள்ளைப் பின்னணியில வாசிக்க ஏலும் எண்டது மட்டும் தான். அதில நிறம் இல்ல, பக்கப் பார்வை இல்ல, கண் அழுத்தம் இல்ல, கருவிழியின்ர வடிவம் இல்ல. கழுகு மாதிரிப் பார்வை இருக்கிற பிள்ளைக்கும் நிறக்குறை இருக்கலாம், ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. "அவனுக்குச் சிவப்பும் தெரியும் பச்சையும் தெரியும், கேட்டுப் பாருங்கோ டொக்டர்" எண்டு சொல்லுவினம். தெரியும் தான். தக்காளி சிவப்பு, இலை பச்சை எண்டு சின்னனிலயே படிச்சு வைச்சிருக்கு, ட்ரபிக் லைட்டில மேல இருக்கிறது சிவப்பு எண்டும் தெரியும். இருட்டில தூரத்தில ஒரு சின்ன வெளிச்சம் தனிய எரியேக்க இடத்தை வைச்சுச் சொல்ல ஏலாது, அப்ப தான் பிடிபடும். நான் பிள்ளையளிட்ட வேற மாதிரிக் கேக்கிறனான். தோட்டத்தில மிளகாய்ப் பழம் ஆயேக்க மற்றவையை விடப் பிந்துறனீரா? புல்லுக்க விழுந்த சிவப்பு கிரிக்கெட் பந்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா? கெமிஸ்ட்ரி ப்ராக்டிக்கலில ரைற்றேஷன் செய்யேக்க நிறம் மாறினதை நண்பன் சொல்லித் தான் தெரிஞ்சதா? அதைக் கேட்ட உடன தான் சில பிள்ளையளின்ர முகம் மாறும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, இன்டர்நெட்டில இஷிஹாரா படங்களைப் பாத்து நம்பரைப் பாடமாக்கிக் கொண்டு வருகினம். தயவுசெய்து உதைச் செய்யாதேங்கோ. பக்கங்களை ஒழுங்கு மாத்தித் தான் காட்டுவினம், ஒரு பக்கத்துக்கு மூண்டு நாலு செக்கன் தான், பாடமாக்கினவன் தயங்குறது எங்களுக்கு உடன விளங்கும். போனில ஆப் போட்டுப் பாத்து "பாஸ்" எண்டு வாறதையும் நம்பாதேங்கோ, ஒவ்வொரு ஸ்கிரீனும் நிறத்தை ஒவ்வொரு மாதிரிக் காட்டும். அமெரிக்காவில 2025 ஜனவரியில இருந்து முதல் தரம் பைலட் மெடிக்கல் எடுக்கிறவைக்கு கொம்பியூட்டரில தான் நிறச் சோதனை, அதில பாடமாக்க ஒண்டுமே இல்ல.

இவ்வளவு கடுமை ஏன் எண்டு கேக்கிறவைக்கு. ரன்வேக்குப் பக்கத்தில பாப்பி எண்டு நாலு லைட் வரிசையா இருக்கும். ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்பு எண்டா சரியான உயரம், நாலும் சிவப்பு எண்டா மெத்தக் கீழ வந்திட்டியள். 2002 ஜூலை 26 விடியப்புறம் அமெரிக்காவில டலஹாசி எண்ட இடத்தில ஃபெடெக்ஸ் எண்ட சரக்குக் கொம்பனியின்ர போயிங் 727 ஒண்டு ரன்வேக்கு முன்னாலயே மரங்களில அடிபட்டு விழுந்தது. உள்ளுக்க இருந்த மூண்டு பேரும் காயத்தோட தப்பினவை. இறக்கினது உதவி விமானி. களைப்பு, ஒழுங்கா உயரத்தைக் கவனிக்காதது எண்டு சொன்ன காரணங்களோட அவரின்ர நிறக்குறையையும் சேர்த்து விசாரணை அறிக்கையில எழுதியிருக்கு. தம்பிமாருக்கு நாளைக்கு அந்த நிலைமை வரக்கூடாது எண்டு தான் நாங்கள் பிடிவாதம் பிடிக்கிறம்.

கண்ணாடி விசயம் இதுக்குத் தலைகீழ். கண்ணாடி போட்டா பைலட் ஆகேலாது எண்டு சொல்லி எத்தினை பிள்ளையளின்ர ஆசையைச் சும்மா குழப்பிப் போட்டினம்! அது எயார்ஃபோர்ஸில கேக்கிற விசயங்களையும் சிவில் விமானத்தையும் போட்டுக் குழப்புறது. சர்வதேச சிவில் விமான விதியில கிளாஸ் 1 மெடிக்கலுக்கு, அதாவது பைலட் வேலைக்குப் போறவைக்கு வேண்டிய மெடிக்கலுக்கு, ஒவ்வொரு கண்ணும் தனிய 6/9, ரெண்டும் சேர்ந்து 6/6 வந்தாக் காணும், கண்ணாடியோட எண்டாலும் சரி, ஒரு மேலதிகக் கண்ணாடி கைவசம் வைச்சிருக்கோணும், அவ்வளவு தான். பவர் மெத்தக் கூடவா இருந்தா மட்டும் நாட்டுக்கு நாடு மேலதிகமாப் பாப்பினம். "தனிய" எண்டதைக் கவனியுங்கோ. சின்னனில இருந்தே ஒரு கண் சோம்பலாப் போன பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் திறந்திருக்கேக்க ஒரு குறையும் தெரியாது, ஒரு கண்ணைப் பொத்தினாத் தான் தெரியும். இருபது வயசில அதைக் கண்ணாடி போட்டு முழுசாச் சரிப்படுத்துறது கஷ்டம்.

கண்ணாடியைக் கழட்டுறதுக்கு எண்டு அவசரப்பட்டு லேசிக் எண்ட லேசர் ஒப்பரேஷன் செய்யவும் வேண்டாம். செய்தாப் பிறகு பார்வை நிலையா நிக்கிற வரைக்கும் மெடிக்கலுக்குக் காத்திருக்கோணும், பேப்பர் எல்லாம் காட்டோணும். சும்மா சும்மா கண்ணைக் கசக்கிற பழக்கம் இருக்கிற, வருசா வருசம் பவர் மாறுற பிள்ளையளுக்கு கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளுற வருத்தம், இருக்கோ எண்டு கருவிழியை ஸ்கான் பண்ணிப் பாக்காம லேசிக்கில கை வைக்கவே கூடாது. லேசிக் நிறக்குறையை மாத்தாது. நிறக் கண்ணாடி, நிற லென்ஸ் போட்டுக் கொண்டு சோதனைக்கு இருக்கவும் விடமாட்டினம்.

இனி அப்ளிகேஷன் விசயம். யுனிவர்சிட்டி தாறது டிகிரி. லைசன்ஸ் தாறது அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இஞ்சயும் அப்பிடித்தான், கனடாவிலயும் அப்பிடித்தான். கொமர்ஷல் லைசன்ஸுக்கு 18 வயசு, 200 மணித்தியாலப் பறப்பு, அங்கீகரிச்ச ஒருங்கிணைந்த கோர்ஸ் எண்டா 150, அதோட கிளாஸ் 1 மெடிக்கல் எண்டு சர்வதேச விதி சொல்லுது. கனடாவில அந்த மெடிக்கலுக்குப் பேர் கெட்டகரி 1. டிகிரிக்கு இடம் கிடைச்சவுடன பறக்கிற பகுதிக்கும் இடம் கிடைச்சிட்டுது எண்டு நினைக்காதேங்கோ, கன இடத்தில பறப்புக்கு வேற தெரிவு, வேற காசு. வாட்டர்லூ யுனிவர்சிட்டியில படிப்பு காம்பஸில, பறப்புப் பயிற்சி வேறயா ஒரு ஃப்ளைட் சென்டரில, காசும் தனி. ஏவியேஷன் மனேஜ்மென்ட், ஏரோநோட்டிக்கல் எஞ்சினியரிங் எண்டு பேரில விமானம் இருக்கிற எல்லா டிகிரியும் பைலட் படிப்பு இல்ல. உதைத் தெரிஞ்சு கொண்டும் சொல்லாம விடுற ஏஜென்சிக்காரர் இருக்கினம். அவையிட்ட நேர கேளுங்கோ: மெடிக்கல் பெயில் எண்டா என்ர டெபொசிட் என்னாகும்? எழுத்தில தரச் சொல்லுங்கோ. தராட்டி எழும்பி வாங்கோ.

ஒழுங்கு இது தான். முதல் இஞ்சயே கண்ணைக் காட்டுங்கோ. அது சரியெண்டா எந்த நாட்டு லைசன்ஸ் எடுக்கப் போறியளோ அந்த நாடு அங்கீகரிச்ச மெடிக்கல் டொக்டரிட்ட போய் கிளாஸ் 1 எடுங்கோ, பிரிட்டன் எண்டா முதல் தரம் அதுக்கெண்டு இருக்கிற ஏரோமெடிக்கல் சென்டரில தான் எடுக்கலாம். அந்தச் சேட்டிபிக்கட் கையில வந்தாப் பிறகு காசு கட்டுங்கோ. நான் எழுதித் தாற ரிப்போட் கண்ணைப் பற்றினது மட்டும், அது லைசன்ஸ் மெடிக்கல் இல்ல, என்ர கையெழுத்தை வைச்சு ஒருத்தரும் காணியை ஈடு வைக்க வேண்டாம். வலிப்பு, சீனி, நெஞ்சு, மனநலத்துக்கு எடுக்கிற மருந்து எதையும் போமில மறைக்காதேங்கோ. சிலது சரிவரும், மறைச்சது பிடிபட்டா ஒண்டும் சரிவராது.

இஷிஹாராவில பெயில் எண்டவுடன அழவும் வேண்டாம். குறையின்ர அளவைப் பாக்கிற மேல்ச் சோதனையள் இருக்கு, லண்டன் சிற்றி யுனிவர்சிட்டியில உருவாக்கின காட் எண்ட கொம்பியூட்டர் சோதனையில குறை லேசா இருக்கிற சிலர் பாஸாகினம். சில நாடுகள் பகலில மட்டும் பறக்கிற தனியார் லைசன்ஸ் குடுக்கும். ஆனா உதெல்லாம் பாக்க நேரம் வேணும், செமஸ்டர் தொடங்க ரெண்டு கிழமை இருக்கேக்க வந்தா நான் என்ன செய்யிறது?

அம்மாமாருக்கு ஒண்டு. இந்தக் குறை தாயின்ர பக்கத்தால மகனுக்கு வாறது, தாய்க்குத் தெரியாமலே வரும். தாயின்ர தகப்பனுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தா கட்டாயம் பிள்ளையைக் காட்டுங்கோ. அதுக்காண்டி வீட்டில ஒருத்தரும் தாயைக் குற்றம் சொல்ல வேண்டாம், என்ர அறைக்குள்ளயே அது நடக்கிறதைப் பாத்து மனம் நொந்து போயிருக்கிறன்.

வரேக்க பழைய கண்ணாடியும் பழைய ரிப்போட்டும் கொண்டு வாங்கோ. கொன்டாக்ட் லென்ஸ் போடுறவை எத்தினை நாளுக்கு முன்னம் கழட்டோணும் எண்டு போன் பண்ணிக் கேட்டிட்டு வாங்கோ. "பைலட் படிப்புக்கு, நிறமும் பாருங்கோ, ரெண்டு கண்ணையும் தனித்தனியப் பாருங்கோ" எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ, ரிப்போட்டை எழுத்தில கேட்டு வாங்குங்கோ. ஒஃபர் லெட்டர் வரும் வரைக்கும் பாத்துக் கொண்டிருக்கத் தேவையில்ல, ஓ.எல். படிக்கிற பிள்ளையையும் கூட்டிக் கொண்டு வரலாம்.